பழைய வொர்க்ஸ்டேஷன் லேப்டாப்: ராம் வாங்குவதற்கு முன் பின்மூடியைத் திறந்து பாருங்கள்

கேள்வி: நான்கு வருடம் ஆன வொர்க்ஸ்டேஷன் லேப்டாப். 32 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி. வாங்கியபோது இருந்த வேகம் இப்போது இல்லை, ரெண்டர் போட்டால் ஃபேன் கத்துகிறது. ராமைக் கூட்டினால் சரியாகுமா, இல்லை புதிதே வாங்கிவிடலாமா?

பதில்: "வாங்கியபோது இருந்த வேகம் இப்போது இல்லை" என்கிறீர்களே, நான் முதலில் பிடித்துக்கொள்வது அதைத்தான். ராம் வருடா வருடம் தேய்ந்து குறைகிற பொருள் இல்லை. அதே மென்பொருள், அதே அளவு ப்ராஜெக்ட், ஆனாலும் மெதுவாகிவிட்டது என்றால் பெரும்பாலும் சூடுதான் காரணம். ப்ராஜெக்ட்டுகள் பெரிதாகிவிட்டன என்றால்தான் ராம் மேல் சந்தேகப்பட வேண்டும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு, செலவும் வேறு.

எது என்று கண்டுபிடிக்க அரை மணி நேரம் போதும். எச்டபிள்யூ இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு, வழக்கமான ரெண்டர் ஒன்றை ஓடவிடுங்கள். முதல் ஒரு நிமிடம் வரை சிபியு அதிக வாட் இழுத்துவிட்டு அப்புறம் இறங்குவது இயல்பு. குறுகிய நேரத்துக்கு ஒரு பவர் லிமிட், தொடர் வேலைக்கு இன்னொன்று என்று வடிவமைப்பே அப்படித்தான். ஆனால் வெப்பநிலை 100 டிகிரியை ஒட்டி நிற்க, வாட் கணக்கு சிபியுவின் அடிப்படை அளவான 45க்கும் கீழே சரிந்தால் அது இயல்பில்லை. 'தெர்மல் த்ராட்லிங்' (சூடு தாங்காமல் வேகத்தைக் குறைப்பது) என்ற வரியில் 'எஸ்' என்றே காட்டிவிடும். அதே நேரம் டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தையும் பாருங்கள். 'கமிட்டெட்' (மென்பொருள்கள் கேட்டு வாங்கிய மொத்த மெமரி) எண் 32 ஜிபியைத் தாண்டி, டிஸ்கும் ஓயாமல் ஓடினால் ராம் உண்மையிலேயே பற்றவில்லை.

இன்னொன்று, அடாப்டர். இந்த வகை மெஷின்களுக்கு 170, 230 வாட் அடாப்டர் கொடுப்பது சும்மா இல்லை. மேசை நேர்த்தியாக இருக்கட்டும் என்று 90 வாட் டைப்-சி டாக்கில் செருகி வேலை பார்த்தால், லேப்டாப் தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொள்ளும். ஸ்லோ என்று என்னிடம் வந்த சில மெஷின்களுக்கு உடன் வந்த அடாப்டரை மாற்றிச் செருகியதே வைத்தியமாக முடிந்தது.

சரி, சூடுதான் என்று வைத்துக்கொள்வோம். வெளியிலிருந்து காற்று அடித்தால் போதும் என்று பலர் சொல்வார்கள், போதாது. ஃபேனின் வாய்க்கும் சூட்டை வெளியேற்றும் செம்புத் தகடுகளுக்கும் நடுவில் ஒரு மெல்லிய இடைவெளி இருக்கிறது, தூசி சேர்வது அங்கே. நான்கு வருடத்தில் அது கம்பளித் துண்டு மாதிரி ஒரே படலமாகப் படிந்திருக்கும். வெளித் துவாரம் வழியாக டார்ச் அடித்துப் பார்த்தால் தகடுகள் பளபளவென்று சுத்தமாகத் தெரியும், ஏனென்றால் படலம் அவற்றின் மறுபக்கத்தில் இருக்கிறது. ஃபேனைக் கழற்றினால் அந்தத் துண்டை இடுக்கியால் அப்படியே உரித்து எடுக்கலாம்.

திறப்பதற்கு முன் உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலை இறக்கிக்கொள்ளுங்கள். திங்க்பேட் பி, டெல் பிரிசிஷன், எச்பி இசட்புக் மூன்றுக்கும் நிறுவனத் தளங்களிலேயே இலவசமாகக் கிடைக்கும். பயாஸில் (ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன் வரும் அமைப்புத் திரை) உள் பேட்டரியை அணைக்கும் வசதி இருந்தால் அணையுங்கள். மூடியைத் திறந்ததும் முதல் வேலை பேட்டரி கேபிளைப் பிரிப்பது. காற்று அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், கண்டபடி சுழன்றால் பேரிங் போய்விடும்.

சில்லுக்கும் ஹீட்சிங்க்குக்கும் (சூட்டை இழுக்கும் உலோகப் பகுதி) நடுவில் இருக்கும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றுவதாக இருந்தால், ஹீட்சிங்க் திருகுகளின் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று பெரும்பாலும் எண் போட்டிருப்பார்கள். கழற்றும்போது தலைகீழ் வரிசை, மாட்டும்போது எண் வரிசை, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக. லேப்டாப் சிபியுவுக்கு மேலே உலோக மூடி கிடையாது, சிலிக்கான் சில்லு அப்படியே வெளியில் இருக்கும். ஒரு பக்கமாக இறுக்கினால் விளிம்பு உடையும். சூடாகிச் சூடாகி ஆறுவதில் சாதாரண பேஸ்ட் மெல்ல ஓரத்துக்குத் தள்ளப்பட்டுவிடும் என்பதால், ஹனிவெல்லின் பிடிஎம் 7950 போன்ற ஷீட்டைத்தான் நான் போடுவேன். 45 டிகிரி வாக்கில் இளகிப் படிந்துகொள்ளும், எளிதில் நகராது. லிக்விட் மெட்டல் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள கேலியம் அலுமினியத்தை அரிக்கும், மின்சாரத்தையும் கடத்தும். பையில் போட்டுத் தூக்கித் திரிகிற மெஷினில் அது எங்கே வழியும் என்று யாருக்குத் தெரியும்? கிராபிக்ஸ் மெமரி மேல் இருக்கும் தெர்மல் பேட் கிழிந்தால் அதே தடிமனில் வாங்குங்கள். 1 மிமீ இருந்த இடத்தில் 1.5 மிமீ வைத்தால் ஹீட்சிங்க் சில்லு மேல் சரியாக உட்காராது. செய்த வேலையெல்லாம் வீண்.

முடித்துவிட்டு அதே ரெண்டரை மறுபடி ஓட்டி, எண்களை ஒப்பிடுங்கள். ராமைப் பற்றி அதற்கப்புறம் யோசித்தால் போதும்.

ராமில் பார்க்க வேண்டியது ஸ்லாட்டுகள். பெரிய மாடல்களில் நான்கு இருக்கும், ஆனால் நான்கும் ஒரே இடத்தில் இருக்காது. திங்க்பேட் பி50, பி51, பி52வில் இரண்டு பின்மூடிக்குக் கீழே, இரண்டு கீபோர்டுக்குக் கீழே. காலி ஸ்லாட் இருப்பதாக மென்பொருள் காட்டுகிறது, திறந்தால் காணோம் என்று குழம்புபவர்கள் கீபோர்டைக் கழற்ற வேண்டும். டிடிஆர்4 சோடிம்மில் (லேப்டாப் ராம் தட்டு) 260 பின், டிடிஆர்5இல் 262. வெட்டு இருக்கும் இடமும் வேறு, அதனால் மாற்றிச் செருகவே முடியாது. டிடிஆர்5 மெஷினில் நான்கு ஸ்லாட்டையும் நிரப்பினால் பொதுவாக வேகம் இறங்கும். ஆகவே 64 ஜிபி வேண்டுமென்றால் 16இல் நான்கு வாங்குவதைவிட 32இல் இரண்டு வாங்குங்கள். டெல் 2022இல் பிரிசிஷன் 7670இல் கொண்டுவந்த காம் என்ற தட்டை மாட்யூல் (அதை ஒட்டிய காம்2 வடிவம் 2023 டிசம்பரில் மெமரி தரங்களை வகுக்கும் ஜெடெக் அமைப்பின் தரமாகவே ஆனது) உங்களுடையதில் இருந்தால், கூடச் சேர்க்கிற பேச்சே இல்லை, முழுதாக மாற்ற வேண்டியதுதான். பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் இசிசி ராம், சிபியுவும் போர்டும் ஏற்றால் மட்டும். சாதாரண ராமுடன் கலக்காதீர்கள்.

புது ராம் போட்டு முதல் முறை ஆன் செய்ததும், அதுவும் டிடிஆர்5 என்றால், சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கும். போர்டு புது ராமைச் சோதித்து டைமிங்கைச் சரிசெய்கிற நேரம் அது. பயந்துபோய்ப் பவரைப் பிடுங்காமல் காத்திருங்கள். அன்றிரவு ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐ ஓடவிட்டுத் தூங்கப் போகலாம்.

எஸ்எஸ்டி சுலபம். பெரும்பாலும் எம்.2 2280 அளவு, இரண்டாவது ஸ்லாட்டும் இருக்கும். பிசிஐஇ 3.0 ஸ்லாட்டில் 4.0 டிரைவ் போட்டாலும் வேலை செய்யும், நொடிக்கு 3.5 ஜிபி வாக்கில் நின்றுவிடும், அதுவே தாராளம். குளோன் செய்வதற்கும் பயாஸ் அப்டேட்டுக்கும் முன்னால் பிட்லாக்கர் (டிஸ்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) ரெகவரி கீயைத் தாளில் எழுதி வையுங்கள். அந்த லேப்டாப்பிலேயே ஃபைலாகச் சேமித்து வைத்தால் பூட்டுக்குள் சாவியை வைத்த கதைதான்.

நாள் முழுக்கச் செருகியே வேலை என்றால் சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்தும் அமைப்பை ஆன் செய்துவிடுங்கள். டச்பேட் மேலெழும்புகிறது, மேசையில் வைத்தால் ஆடுகிறது என்றால் பேட்டரி வீங்கிவிட்டது. அன்றைக்கே நிறுத்திவிட்டு மாற்றுங்கள்.

கிராபிக்ஸ் கார்டை மட்டும் மறந்துவிடுங்கள். எம்எக்ஸ்எம் என்ற, கழற்றி மாட்டும் கிராபிக்ஸ் கார்டை மாற்றும் காலம் ஒன்று இருந்தது. இப்போது பெரும்பாலும் போர்டோடு பற்றவைத்தது, இல்லையென்றால் அந்த நிறுவனத்துக்கே உரிய வடிவம். கார்டு கிடைத்தாலும் ஹீட்சிங்க் பொருந்தாது, பயாஸும் அடையாளம் காணாமல் போகலாம். அதனால் சுத்தம் செய்து, ராமும் போட்டபின் சீன் ஏற்றும்போது கிராபிக்ஸ் மெமரி பற்றவில்லை என்று ரெண்டர் மென்பொருள் நின்றால், அப்போது புதிது வாங்குங்கள். வாங்கும் முன் அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலைத் திறந்து, ராம் ஸ்லாட்டில் இருக்கிறதா போர்டில் பற்றவைத்ததா, ஃபேனை மட்டும் தனியாகக் கழற்ற முடிகிறதா என்று இரண்டையும் பார்த்துக்கொள்ளுங்கள்.