காரணி எதுவும் தெரியாமல் ஒரு பெரிய எண்ணைப் பகா எண் இல்லை என்று எப்படிச் சொல்கிறார்கள்?

எதால் வகுபடும் என்றே தெரியாதபோது 'இது வகுபடும்' என்று மட்டும் அடித்துச் சொல்வது எனக்கும் ரொம்ப நாள் ஏமாற்று வேலையாகத்தான் பட்டது. 2⁶⁷ − 1 என்ற ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் தெளிந்தது.

விரித்து எழுதினால் 147573952589676412927. மொத்தம் 21 இலக்கம். வாயால் சொல்வதென்றால் ஏறக்குறைய பதினான்கே முக்கால் லட்சம் கோடி கோடி. மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி 1644-இல் வெளியிட்ட பட்டியலில் இதைப் பகா எண் என்று போட்டுவிட்டார். 1876-இல் எட்வார்ட் லூக்காஸ் என்ற பிரெஞ்சுக் கணிதர் அது தவறு என்று காட்டினார். ஆனால் ஒரு காரணியைக்கூட அவர் எடுத்து நீட்டவில்லை.

அவருடைய வழியை 1930-இல் லேமர் என்ற அமெரிக்கக் கணிதர் இன்னும் எளிதாக்கினார். p ஓர் ஒற்றைப்படைப் பகா எண், சோதிக்க வேண்டியது 2ᵖ − 1 என்று வைத்துக்கொள்வோம். 4-இல் தொடங்குங்கள். அதை வர்க்கமாக்கி 2-ஐக் கழியுங்கள், சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மீதியை வைத்து மறுபடியும் அதே வேலை. மொத்தம் p − 2 தடவை. கடைசியில் 0 வந்தால் பகா எண், வராவிட்டால் பகு எண்.

31-ஐ (2⁵ − 1) எடுத்துப் பாருங்கள். 4, 14, அப்புறம் 194; அதன் மீதி 8. 8 × 8 − 2 = 62, மீதி 0. பகா எண்தான். அடுத்து 2047 (2¹¹ − 1). 4, 14, 194, 788, 701 என்று போய் ஒன்பதாவது தடவை 1736-இல் நிற்கும். பகா எண்ணாக இருந்தால் 0 வந்தே தீர வேண்டும். வரவில்லை, எனவே பகு எண். 2047 = 23 × 89 என்பது இந்தக் கணக்கில் எங்கேயும் தலைகாட்டவில்லை, கவனித்தீர்களா? அதுதான் உங்கள் கேள்விக்குப் பதில். 67-க்கு இதையே 65 தடவை செய்ய வேண்டும். கையால் என்றால் பெரும்பாடு, ஆனால் முடிகிற வேலை.

காரணியைத் தேடுவது வேறு கதை. 1903 அக்டோபரில் நியூயார்க்கில் நடந்த அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல் அதைக் காட்டினார்:

193707721 × 761838257287

வாயே திறக்காமல் கரும்பலகையில் பெருக்கிக் காட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தார், கண்டுபிடிக்க மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின என்று ஒரு கதை உண்டு. கொஞ்சம் மெருகேற்றிய கதை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனாலும் உழைப்பு பொய்யில்லை. இந்த எண்ணின் எந்தக் காரணியும் 134-இன் மடங்கோடு 1 கூட்டியதாகத்தான் இருக்க முடியும். அப்படி வரிசையாகப் போனாலும் சின்னக் காரணி 14,45,580-ஆவது இடத்தில் இருக்கிறது. காரணியாக இருக்க முடியாத எண்களைக் கழித்துத் தள்ள, கோல் இதைவிட நுட்பமான சல்லடைகளும் வைத்திருந்தார்.

அந்தப் பெருக்கலை ஒரு மின்தடை மாலையில் நானும் நோட்டில் போட்டுப் பார்த்தேன். முதல் தடவை தப்பு. இரண்டு காரணிகளின் இலக்கங்களையும் ஓரிலக்கம் வரும்வரை கூட்டிக்கொண்டே போனால் தலா 1 வரும், ஆகவே விடைக்கும் 1 வர வேண்டும். எனக்கு 4 வந்தது. அடுத்த இடத்துக்கு ஏற்ற வேண்டிய ஓர் இலக்கத்தை எங்கோ விட்டிருக்கிறேன். இரண்டாம் தடவை சரியாக வந்தது. மொத்தம் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

லூக்காஸ் நின்ற இடத்திலேயே இன்றும் நிற்கிற எண்கள் உண்டு. 2¹²⁷⁷ − 1 அப்படி ஒன்று, 385 இலக்கம். பகு எண் என்று உறுதியாகத் தெரியும். இத்தனை கணினிகள் இருந்தும் அதன் ஒரு காரணியைக்கூட இதுவரை யாரும் காட்டவில்லை.