மெத்தையில ஏன் போகுது? பூனை வளர்க்கிறவங்க கேள்வி, டாக்டர் பதில்

கேள்வி: வணக்கம் டாக்டர். எங்க வீட்டுல சின்னுனு ஒரு ஆண் பூனை, மூனு வயசு, கருத்தடை ஆபரேஷன் பண்ணியாச்சு. குட்டியா வந்ததுல இருந்து மண்ணு போட்டு வச்ச டிரேலதான் ஒன்னுக்கு ரெண்டுக்கு போவான், ஒரு தொல்லையும் இல்ல. ஆடி மாசம் மாமியார் எங்களோட இருக்க வந்தாங்க, அவங்களுக்கு ரூம் ஒழிச்சு கொடுக்கணும்னு பால்கனி பக்கம் இருந்த டிரேய பாத்ரூம்ல வாஷிங் மெஷின் பக்கத்துக்கு மாத்தினோம், நாத்தம் வருதுனு மூடி போட்ட டிரே வாங்கி லாவெண்டர் வாசனை மண்ணும் போட்டோம். இப்போ மெத்தையிலயும் மடிச்சு வச்ச துணி மேலயும் ஒன்னுக்கு போறான். தினமும் ஃபினாயில் போட்டு துடைக்கிறேன், மூக்கை தேச்சு காமிச்சு ரெண்டு அடியும் போட்டாச்சு. பழி வாங்குறான், ஊர்ல கொண்டு போய் விட்டுடுங்கனு மாமியார் சொல்றாங்க. எனக்கு மனசு வரல. என்ன பண்றது? – வாசகி, கொளத்தூர், சென்னை

பதில்: அம்மா, சின்னு பழி வாங்கல, இத மாமியார்கிட்டயும் நான் சொன்னதா சொல்லிடுங்க. மூனு வருஷம் ஒழுங்கா டிரேல போன பூனை திடீர்னு மெத்தையில போகுதுனா ஒன்னு அதுக்கு உடம்பு சரியில்ல, இல்ல டிரே பிடிக்கல, இல்ல வீட்டுல ஏதோ மாறி அது பயந்து போயிருக்கு. உங்க லெட்டர்ல இந்த மூனுக்குமே இடம் இருக்கு.

உடம்புல இருந்து ஆரம்பிப்போம், ஏன்னா சின்னு ஆண் பூனை. ஆண் பூனைக்கு மூத்திரக் குழாய் ரொம்ப குறுகல், சின்ன கல்லு, மணல் மாதிரி துகள், சளி கட்டி எது வந்தாலும் அடைச்சுக்கும். அடைச்சுதுனா டிரேக்கு போறதும் வர்றதுமா இருப்பான், முக்குவான், கத்துவான், ஒரு சொட்டு ரெண்டு சொட்டுதான் வரும், இல்ல ஒன்னுமே வராது, அந்த எடத்தையே நக்கிட்டு இருப்பான், சாப்பாடு வேணாம்பான், சிலது வாந்தியும் எடுக்கும். நிறைய பேர் இத மலச்சிக்கல்னு நெனச்சு ஒரு நாள் பாக்கலாம்னு விட்டுடறாங்க. விடவே கூடாது. மூத்திரம் உள்ளயே நின்னா ரத்தத்துல பொட்டாசியம் ஏறி இதயத்துடிப்பு தடுமாறி ஒன்னு ரெண்டு நாள்லயே உயிர் போயிடும். ராத்திரி பன்னெண்டு மணியா இருந்தாலும் தூக்கிட்டு ஓடுங்க.

சின்னு நல்லா தாராளமா போறான்னா அந்த அவசரம் இல்ல, ஆனாலும் இந்த வாரமே ஒரு யூரின் டெஸ்ட்டும் வயித்துக்கு ஸ்கேனும் எடுத்துடுங்க. பக்கத்துல நல்ல கிளினிக் இல்லைனா வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு போகலாம். மூத்திரப்பை பிரச்சினையோட வர்ற 10 வயசுக்கு உட்பட்ட பூனைகள்ல பாதிக்கு மேல, கல்லும் இருக்காது கிருமியும் இருக்காது, மன அழுத்தத்துனால மூத்திரப்பை வீங்கி எரிச்சல் எடுக்கும். புது ஆள் வந்தது, ரூம் மாறினது இதெல்லாம் நமக்கு சாதாரணம், பூனைக்கு அப்படி இல்ல. இந்த எரிச்சல் ஒரு வாரத்துல தானா அடங்கும், அடுத்த டென்ஷன் வந்தா மறுபடி வரும், அதனால டெஸ்ட் எடுக்காம வெறும் ஆன்டிபயாடிக் வாங்கி கொடுத்து சரியாச்சுனு நம்பிடாதீங்க. போகும்போது எரிஞ்சா பூனை அந்த வலிய டிரேயோட சேத்து ஞாபகம் வச்சுக்கும், டிரேக்கு போனா வலிக்குதுனு மெத்தைய தேடிப் போகும். நீங்க அடிச்சதுல அந்த பயம் கூடியிருக்கும், அதனால இனிமே அடியும் வேணாம், மூக்கை தேக்கிறதும் வேணாம்மா.

இப்போ டிரே. உங்க டிரே இருக்கிற எடத்த சின்னு உயரத்துல உக்காந்து யோசிச்சு பாருங்க. பக்கத்துல வாஷிங் மெஷின், அவன் குழி பறிச்சு உக்காந்த நேரத்துல ஸ்பின் ஓடி தரையே அதிர்ந்தா மறுபடி அந்த பக்கம் எதுக்கு வருவான். பாத்ரூம்ல ஆள் இருந்தா கதவு சாத்தியிருக்கும், அப்போ அவசரத்துக்கு எங்க போவான்? மூடி போட்ட டிரேல நாத்தம் வெளிய வராது, உள்ளயே தேங்கி நிக்கும், பராமரிக்காத பஸ் ஸ்டாண்டு கக்கூஸுக்குள்ள நாம நுழையிற மாதிரிதான் அவனுக்கு. லாவெண்டர் நம்ம மூக்குக்காக போடுறது, அவன் மூக்குக்கு அது தாங்காது.

அதனால மூடிய கழட்டிடுங்க. பழையபடி வாசனையில்லாத மண்ணுக்கே திரும்புங்க, ரெண்டு இன்ச் ஆழம் இருக்கட்டும். கடையில விக்கிற டிரே பெரும்பாலும் சின்னது, மூக்கு நுனியில இருந்து வால் ஆரம்பம் வரைக்கும் அளந்து அதுல ஒன்றரை மடங்கு நீளம் இருக்கணும், பாத்திரக்கடையில கிடைக்கிற அகலமான பிளாஸ்டிக் டப் வாங்கி ஒரு பக்கம் மட்டும் விளிம்ப வெட்டி விட்டா போதும். ஒரு பூனைக்கு ரெண்டு டிரே, ரெண்டு பூனைக்கு மூனு, இதுதான் கணக்கு, ரெண்டையும் ஒரே மூலையில வைக்காதீங்க. ஒன்ன பழைய பால்கனி பக்கமே வைக்க முடியுமானு பாருங்க. இன்னொன்ன மெத்தை இருக்கிற ரூம்லயே வைங்க, முகம் சுளிக்காதீங்கம்மா, கொஞ்ச நாளைக்குதான், அவன் அதுல ஒழுங்கா போக ஆரம்பிச்சதும் தினம் ஒரு சாண் ஒரு சாணா நகத்தி உங்களுக்கு வசதியான எடத்துக்கு கொண்டு போயிடலாம். மண்ணுல சேர்ற மூத்திரக் கட்டியையும் மலத்தையும் தினம் ரெண்டு வேளை அள்ளுங்க, வாரத்துக்கு ஒரு தடவ எல்லாத்தையும் கொட்டிட்டு சாதாரண சோப்புத் தண்ணியில கழுவி வெயில்ல காய வைங்க.

ஃபினாயில இன்னிக்கே நிறுத்துங்க. நம்ம ஊர்ல ஃபினாயில் போட்டு துடைச்சாதான் வீடு சுத்தம்னு பழகிட்டோம், ஆனா ஃபீனால் வகை கெமிக்கல உடைச்சு வெளியேத்துற சக்தி பூனை ஈரலுக்கு ரொம்ப கம்மி. ஈரத்தரையில நடந்து வந்து பாதத்த நக்கினாலே உள்ள போயிடும். டெட்டாலும் இந்த வகைதான். பிளீச்சும் வேணாம், மூத்திரத்துல இருக்கிற அம்மோனியாவோட சேந்தா நெஞ்ச அடைக்கிற விஷ வாயு கிளம்பும். பெட் ஷாப்ல என்சைம் கிளீனர்னு கேட்டு வாங்குங்க, மூத்திரக் கறைய உடைச்சு எடுக்கிற திரவம் அது, மூத்திரத்துல இருக்கிற யூரிக் ஆசிட் தண்ணிக்கும் சோப்புக்கும் முழுசா போகாது, மழை ஈரம் பட்டதும் அதே நாத்தம் திரும்ப கிளம்பும், இது நம்ம எடம்னு அவனும் அங்கயே வருவான். முதல்ல பழைய துண்ட வச்சு ஒத்தி எடுங்க, தேய்க்காதீங்க, அப்புறம் என்சைம் தண்ணிய ஈரம் எவ்ளோ ஆழம் இறங்கியிருக்குமோ அவ்ளோ ஆழம் இறங்குற மாதிரி ஊத்தி பாட்டில்ல போட்டிருக்கிற நேரம் வரைக்கும் ஊற விடுங்க. ரெண்டு நிமிஷத்துல துடைச்சா வேலை செய்யாது. இலவம்பஞ்சு மெத்தையா இருந்தா ஒன்னும் பண்ண முடியாது, உறைய பிரிச்சு நனைஞ்ச பஞ்ச எடுத்து போட்டுட்டு மீதிய வெயில்ல காய வச்சு புது உறை தச்சுக்கங்க. அதுவரைக்கும் கைக்குழந்தைக்கு போடுற ரப்பர் ஷீட்ட விரிச்சு வைங்க.

சின்னுவுக்கு உயரமா ஒரு எடம், பீரோ மேலயோ ஷெல்ஃப்லயோ, யாரும் தொந்தரவு பண்ணாம படுத்துக்க விடுங்க. காஞ்ச சாப்பாட்டுல தண்ணி பத்து சதவீதம்கூட தேறாது, ஈர சாப்பாட்டுல எழுபத்தஞ்சுக்கு மேல, அதனால ஒரு வேளையாவது ஈரமா கொடுங்க. அப்புறம் மாமியார் கையாலயே ஒரு வேளை சாப்பாடு வைக்கச் சொல்லுங்க, இத நான் மனசார சொல்றேன், ரெண்டு பேருக்கும் நல்லது. வீட்டுலயே வளந்த பூனைய ஊர்ல கொண்டு போய் விட்டா தெரு நாய்க்கும் வண்டிக்கும் தப்பிக்க அதுக்கு தெரியாது, அந்த பேச்சே வேணாம்.

கேள்வி: எங்க கடுவன் பூனைக்கு ஒன்றரை வயசு, நின்னுக்கிட்டே வாலத் தூக்கி நடுக்கி பீரோ கதவுலயும் வண்டி மேலயும் பீச்சி அடிக்குது, வாடை தாங்கல. – வாசகர், திண்டுக்கல்

பதில்: தம்பி, உக்காந்து தரையில போறது வேற, நின்னு சுவத்துல அடிக்கிறது வேற. இது எல்லை குறிக்கிறது. கருத்தடை ஆபரேஷன் பண்ணுங்க, பத்துல ஒன்பது கடுவனுக்கு நின்னுடும் இல்ல நல்லா குறைஞ்சிடும், ஹார்மோன் இறங்க சில வாரம் ஆகும், பொறுமையா இருங்க. அடுத்து வளர்க்கிற பூனைக்கு அஞ்சாறு மாச வயசுலயே பண்ணிட்டா இந்த பழக்கமே பெரும்பாலும் வராது. ஜன்னல் வழியா தெருப்பூனைய பாத்து அடிக்குதுனா கீழ் பாதி கண்ணாடிக்கு பேப்பர் ஒட்டி மறைச்சிடுங்க.

கேள்வி: 13 வயசு பொம்பள பூனை, இப்பல்லாம் நிறைய தண்ணி குடிக்குது, டிரேக்கு பக்கத்துலயே தரையில போயிடுது. வயசாயிடுச்சுனு விட்டுடலாமா? – வாசகி, தஞ்சாவூர்

பதில்: விடாதீங்கம்மா. வயசான பூனை தண்ணி அதிகமா குடிச்சா கிட்னி, சுகர், தைராய்டு மூனையும் பாக்கணும், ஒரே ரத்த டெஸ்ட்லயும் யூரின் டெஸ்ட்லயும் தெரிஞ்சிடும். தண்ணிய குறைச்சு வைக்கிறது மட்டும் கூடவே கூடாது. டிரே வரைக்கும் வந்துட்டு பக்கத்துல போகுதுனா விளிம்பு தாண்ட மூட்டு வலிக்கவும் வாய்ப்பு இருக்கு, 12 வயசு தாண்டின பூனைகள்ல பெரும்பாலானதுக்கு எக்ஸ்ரேல மூட்டுத் தேய்மானம் தெரியும். விளிம்பு ரெண்டு இன்ச்சுக்கு மேல இல்லாத டிரே வைங்க. வலிக்குதேனு நம்ம பாராசிட்டமால உடைச்சு கொடுத்துடாதீங்க, ஒரு மாத்திரையே பூனைய கொன்னுடும்.

கேள்வி: மருமக மாசமா இருக்கா. பூனை டிரேயால குழந்தைக்கு ஆபத்துனு சொந்தக்காரங்க பூனைய வெளிய விடச் சொல்றாங்க. உண்மையா? – வாசகர், காரைக்குடி

பதில்: டாக்ஸோபிளாஸ்மானு ஒரு ஒட்டுண்ணி உண்டுங்க, அத நெனச்சுதான் சொல்றாங்க. பயம் நியாயம்தான், ஆனா அதுக்காக பூனைய விரட்ட வேண்டியதில்ல. அது பூனையோட மலத்துல வரும், வெளிய வந்த உடனே ஒட்டாது, அது வீரியம் ஆக ஒன்னுல இருந்து அஞ்சு நாள் ஆகும், அதனால டிரேய தினமும் சுத்தம் பண்ணிட்டாலே ஆபத்து வெகுவா குறையும். அந்த வேலைய மருமக பண்ண வேணாம், நீங்களோ பையனோ பண்ணுங்க. பூனைக்கு பச்சக்கறி போடாதீங்க, எலி பிடிக்க வெளிய விடாதீங்க. வீட்டுல கறி நல்லா வெந்திருக்கணும், கீரை காய்கறிய நல்லா அலசணும், தோட்ட மண்ணுல கை வச்சா சோப்பு போட்டு கழுவணும், இந்த ஒட்டுண்ணி பூனைய விட இந்த வழியிலதான் நிறைய பேருக்கு வருது. மருமகளோட மகப்பேறு டாக்டர்கிட்ட வீட்டுல பூனை இருக்குனு ஒரு வார்த்தை சொல்லி வைங்க, தேவைப்பட்டா அவங்களே ரத்த டெஸ்ட் எழுதிக் கொடுப்பாங்க.