கிணறு ஊறும் கணக்கு: நேர்கோடு ஏன் பொய்த்தது?

கேள்வி: வன்னியில், நெடுங்கேணியில் மிளகாயும் கச்சானும் செய்கிறேன். உயர்தரத்தில் கணிதம் படித்தவன். கிணறு 15 அடி விட்டம். கிணற்றுக்கட்டின் விளிம்பிலிருந்து 10 அடி ஆழத்தில் நின்ற தண்ணீரை 22 அடி வரை இறைத்துவிட்டு, கல் கட்டிய கயிற்றால் மணிக்கொருக்கால் அளந்தேன். பழைய மட்டத்துக்கு ஏற வேண்டிய குறை 12, 9.6, 7.7, 6.1, 4.9, 3.9, 3.1 அடி என்று வந்தது. முதல் மணித்தியாலத்தில் 2.4 அடி ஏறியபடியால் ஐந்தில் நிரம்பும் என்று நினைத்தேன், நிரம்பவில்லை. பிறகு எக்செலில் ஆறாம் படிப் பல்லுறுப்பியை (நேரத்தின் ஆறாம் அடுக்கு வரை போகும் கோவையை) பொருத்தினேன். எல்லாப் புள்ளியிலும் அச்சொட்டாகப் போகிறது, ஆனால் விடியப்புறம் தண்ணீர் கிணற்றின் அடிக்கும் கீழே போய்விடுமாம்! இன்னொன்று: 22 அடிக்குக் கீழே பம்ப் சரியாக இழுக்குதில்லை. கூடின குதிரைவலு வாங்கலாமா?

பதில்: அளந்ததில் பிழை இல்லை. ஆறாம் படிப் பல்லுறுப்பியில் ஏழு குணகங்கள். ஏழு புள்ளியிலும் அது பட்டுத்தான் தீரும். கயிறு ஆடியதால் வந்த அரை அங்குலப் பிசகையும் சேர்த்துப் பாடமாக்கிவிடும். புள்ளிகள் முடிந்த இடத்துக்கு அப்பால் மேலே பாயும், இல்லையேல் கீழே விழும். எக்செல் பக்கத்தில் எழுதிக் காட்டுகிற பொருத்த எண்ணை நம்பி ஒரு கன்றுகூட நடவேண்டாம்.

கோடு கீற முன், தண்ணீர் ஏன் உள்ளே வருகிறது என்று பாருங்கள். வெளியே நிலத்துத் தண்ணீர் உயரத்தில் நிற்கிறது, கிணற்றுக்குள் தாழ்வாக. அந்த உயர வித்தியாசந்தான் தள்ளுகிறது. மணலுக்கூடாகப் போகும் நீரின் வேகம் அழுத்த உயர வித்தியாசத்துக்கு நேர்விகிதம் என்று பிரான்சில் டார்சி என்ற பொறியியலாளர் 1856இல் வெளியிட்டது இதைத்தான். ஆகவே குறை குறையக் குறைய ஊறலும் தளரும். ஒவ்வொரு மணித்தியாலமும் இருந்த குறையில் ஒரே பங்குதான் மிஞ்ச வேண்டும். உங்கள் எண்கள் ஒவ்வொன்றையும் அதற்கு முந்தினதால் வகுத்துப் பாருங்கள்: எல்லாம் 0.79க்கும் 0.81க்கும் இடையில். அதாவது குறை = 12 × 0.8ன் t ஆம் அடுக்கு (t என்பது கழிந்த மணித்தியாலம்). எக்செல் தேவையே இல்லை.

இதில் காசு இருக்கிறது. முதல் மணித்தியாலத்தில் ஊறியது ஏறத்தாழ 12,000 லீற்றர். ஆறாவதில் நாலாயிரம் அளவுதான். கிணறு நிரம்பட்டும் என்று 12 மணித்தியாலம் காத்திருந்தால் 11.2 அடித் தண்ணீர் கிடைக்கும். அதே நேரத்தில் ஆறு மணித்தியாலத்துக்கு ஒருதரம் இறைத்தால் இரண்டு தரத்திலும் சேர்த்து 17.7 அடி. ஒன்றரை மடங்குக்கு மேல். கிணறு நிரம்பிக் கிடப்பதைப் பார்க்க மனதுக்கு நல்லாய்த்தான் இருக்கும், ஆனால் நிரம்பின கிணறு ஊறாது.

இந்தக் கணக்கு உடையும் இடமும் உண்டு. வன்னியின் பெரும்பகுதி கடும்பாறை. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் போலல்ல. தண்ணீர் பாறை வெடிப்புகளால் வரும். கண்ணாடியால் வெயிலைக் கிணற்றுக்குள் அடித்துப் பாருங்கள். நீர்மட்டத்துக்கு மேலே ஊற்றுக்கண் திறந்து தண்ணீர் சுவரால் வழிந்தால், கிணற்றுக்குள் மட்டம் எங்கே இருக்கிறது என்பது அந்த ஊற்றுக்குத் தெரியாது. ஒரே அளவில்தான் விழும். அந்தக் கண் தண்ணீருக்குள் மூழ்கும் வரை நீங்கள் முதலில் போட்ட நேர்கோடுதான் சரி, மூழ்கிய பிறகே 0.8. உங்கள் கிணற்றில் தொடக்கத்திலிருந்தே விகிதம் மாறாததால் ஊற்று 22 அடிக்குக் கீழே என்றுதான் எனக்குப் படுகிறது. அந்த ஊற்றுக்கும் கீழே இறைத்தால் ஊறல் கூடும் என்று எண்ணவேண்டாம்.

நிலைமட்டத்திலும் (இறைக்காதபோது தண்ணீர் நிற்கும் மட்டம்) கவனம். பங்குனியில் 10 அடியில் நிற்பது ஆவணியில் அங்கே நிற்காது. பழைய 10ஐ வைத்துக் கணக்குப் பார்த்தால் விகிதங்கள் 0.8, 0.83, 0.87 என்று ஒன்றை நோக்கி ஊர்ந்துகொண்டு போகும். அப்படிக் கண்டால் சூத்திரத்தை மாற்றாமல், ஓரிரு நாள் இறைக்காமல் விட்டு மட்டத்தை அளவுங்கள். பக்கத்து வளவுக்காரர் அன்றைக்கு இறைக்கிறாரா என்றும் கேளுங்கள்.

குதிரைவலு கூட்டிப் பயனில்லை. மேலே வைத்த பம்ப் தண்ணீரை இழுப்பதில்லை, குழாயில் காற்றை எடுக்க வளிமண்டலம் கீழிருந்து தள்ளுகிறது. அதற்கு முடிந்த உச்சம் ஏறக்குறைய 34 அடி. குழாய் உராய்வு, ஒழுக்கு போக நடைமுறையில் 25 அடி அளவு. ஆழத்துக்கு நீர்மூழ்கி மோட்டர் போடுங்கள். மண்ணெண்ணெய் பம்பைக் கிணற்றுக்குள் இறக்கி ஓடவிடுவது மட்டும் வேண்டாம்: புகையில் வரும் காபனோரொட்சைட்டு (கார்பன் மோனாக்சைடு) என்ற நச்சு வாயு மணக்காது, இறங்கின ஆள் திரும்பி ஏறமாட்டார்.

அடுத்த முறை 11ஆவது மணித்தியாலத்திலும் கயிறு விடுங்கள். கணக்குப்படி 1 அடி குறை நிற்கவேண்டும். கோடு கீறப் பாவிக்காத அந்த ஒரு அளவுதான் உங்கள் கணித மாதிரிக்குச் சோதனை.