பூனைக்குக் கல்லீரல் கொழுப்பு நோய்: கழுத்தில் உணவூட்டும் குழாய் பொருத்தச் சம்மதிக்கலாமா?

ஒரு வாரமாக உணவைத் தொடாத உங்கள் பூனைக்குக் கண்ணும் ஈறும் மஞ்சளாகிவிட்டன என்றும், கல்லீரலில் கொழுப்பு சேர்ந்திருப்பதால் கழுத்தில் குழாய் பொருத்தி உணவளிக்க வேண்டும் என்று மருத்துவர் கூறுகிறார் என்றும், அது வாயில்லா உயிரை வதைப்பதாகாதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தயங்காமல் சம்மதியுங்கள். இதே நோயிலிருந்து எங்கள் பூனையை மீட்டதில் மருந்துகளைக் காட்டிலும் அந்தக் குழாய் வழியே சென்ற உணவுக்கே பெரும்பங்கு உண்டு.

பூனை, அதிலும் சற்றுப் பருத்த பூனை, சில நாட்கள் பட்டினி கிடந்தாலே உடற்கொழுப்பு கரைந்து கல்லீரலில் வந்து குவிகிறது. அவ்வளவையும் கையாள இயலாமல் கல்லீரல் செல்கள் கொழுப்பால் வீங்கிப் பித்த ஓட்டம் தடைப்படும்போது காமாலை தோன்றுகிறது. காமாலையோடு வரும் குமட்டல் பட்டினியை மேலும் நீட்டிக்கிறது. உணவு உள்ளே சென்றால் ஒழிய இது நிற்காது.

காமாலை என்றவுடன் கீழாநெல்லியும் மோர்ச்சோறும் நம் நினைவுக்கு வருவது இயல்பே. ஆனால் பூனை புலால் உண்ணி. பட்டினியிலும் அதன் உடல் புரதச் செலவைக் குறைத்துக்கொள்வதில்லை. புரதம் சிதையும்போது உண்டாகும் நச்சான அம்மோனியாவை யூரியாவாக மாற்றுவதற்கு வேண்டிய ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தை அது இறைச்சியிலிருந்தே பெறுகிறது. ஆகவே, மூளை பாதிக்கப்பட்டதற்கான அறிகுறிகள் இருந்து மருத்துவரே சொன்னால் அன்றிப் புரதத்தைக் குறைக்கலாகாது. வாயைப் பிளந்து ஊட்டுவதும் வேண்டாம். புரையேறும் ஆபத்து ஒருபுறமிருக்க, குமட்டலோடு திணிக்கப்பட்ட உணவைப் பூனை குணமான பின்னும் வெறுத்து ஒதுக்கிவிடும்.

குழாயைப் பொருத்துவது மயக்க மருந்து கொடுத்துச் செய்யப்படும் சிறிய சிகிச்சைதான். கல்லீரல் நோயில் இரத்தம் உறைவது தாமதமாகலாம் என்பதால் முன்கூட்டியே வைட்டமின் கே ஊசி போடுவார்கள். 4 கிலோ எடையுள்ள பூனைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 கிலோ கலோரி தேவை என்றாலும், முதல் நாளில் அதில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரையே கொடுத்து, மூன்று நான்கு நாட்களில் முழு அளவுக்கு உயர்த்த வேண்டும். நீண்ட பட்டினிக்குப் பின் ஒரேயடியாக உணவு சென்றால் இரத்தத்தில் பாஸ்பரசும் பொட்டாசியமும் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே தொடக்க நாட்களில் இரத்தப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். மருத்துவர் குறித்துக் கொடுத்த உணவை வெதுவெதுப்பாக்கி, கட்டியில்லாமல் வடிகட்டி, சிரிஞ்சில் ஏற்றிக் கால் மணி நேரம் எடுத்துக்கொண்டு மெதுவாகச் செலுத்துங்கள். முன்னும் பின்னும் வெந்நீரல்லாத வெதுவெதுப்பான நீரால் குழாயை அலசாவிட்டால் அது அடைத்துக்கொள்ளும். பூனை உதட்டை நக்கினாலோ எச்சிலை விழுங்கத் தொடங்கினாலோ உடனே நிறுத்திச் சற்றுப் பொறுங்கள். அது குமட்டலின் அறிகுறி. கழுத்தில் சுற்றிய துணிக்கட்டைப் பிரித்துக் குழாய் நுழையும் இடத்தில் சீழோ சிவப்போ இருக்கிறதா என்று நாள்தோறும் பார்ப்பதும் அவசியம். முதல் சில நாட்கள் கை நடுங்கும். பிறகு பூனையே மடியில் அமைதியாகப் படுத்துக்கொள்ளும்.

இடைவிடாமல் எச்சில் வடிந்தாலோ, சுயநினைவு மங்கினாலோ, தலையைத் தூக்க முடியாமல் மோவாய் மார்பில் சாய்ந்தாலோ இரவென்றும் பாராமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். உடல் சுடுகிறதே என்று பாராசிட்டமாலை ஒருபோதும் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு அது கொடிய நஞ்சு.

இன்னொன்றையும் மருத்துவரிடம் கேளுங்கள்: பூனை முதலில் ஏன் உண்ண மறுத்தது? கணைய அழற்சி, பித்தநாள அழற்சி, புற்றுநோய் என ஏதேனும் ஒன்று பின்னணியில் இருக்கக்கூடும். ஸ்கேனில் அதையும் பார்க்கச் சொல்லுங்கள். புற்றுநோய் என்று தெரியவந்தால் சிகிச்சையை எவ்வளவு தூரம் கொண்டு செல்வது என்பதை அப்போது வேறு கணக்கில் எண்ண வேண்டியிருக்கும். அப்படி எதுவும் இல்லையெனில், தீவிரமாக உணவளிக்கப்பட்ட பூனைகளில் பெரும்பாலானவை பிழைத்துக்கொள்கின்றன. குழாய் பல வாரங்கள் இருக்க நேரலாம். பூனை தானாகவே கிண்ணத்திலிருந்து போதுமான அளவு உண்டு, எடை குறையாமல் ஒரு வாரமாவது நிலைத்த பிறகே அதை எடுக்கச் சம்மதியுங்கள்.