ஸ்லோ குக்கரில் வைத்த ராஜ்மாவும் வாந்தியும்

வணக்கம். ஊற வைக்காத ராஜ்மாவை எட்டு மணி நேரம் ஸ்லோ குக்கரில் வைத்தும், சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் வீட்டில் எல்லோருக்கும் வாந்தி என்று எழுதியிருந்தீர்கள். படிக்கவே கஷ்டமாக இருந்தது. பயறு கெட்டுப்போனதாக எனக்குத் தோன்றவில்லை. இது பெரும்பாலும் லெக்டினின் வேலை.

லெக்டின் என்பது சர்க்கரையைப் பற்றிக்கொள்ளும் புரதம். நம் குடல் செல்களின் மேல் சர்க்கரைச் சங்கிலிகள் நீட்டிக்கொண்டிருக்கும். ராஜ்மாவில் உள்ள ஃபைட்டோஹீமக்ளூட்டினின் என்ற லெக்டின் அவற்றைக் கவ்விக்கொள்ளும். முதலில் வாந்தி, அப்புறம் பேதி. பச்சைக் கொட்டை நாலைந்து போதும். நன்றாகக் கொதித்தால்தான் அது அழியும். ஸ்லோ குக்கர் பல நேரம் 75 டிகிரியைக்கூடத் தாண்டாது. 80 டிகிரியில் அரைகுறையாகச் சூடானால், நச்சுத்தன்மை பச்சைக் கொட்டையைவிட ஐந்து மடங்கு வரை கூடலாம். மெத்தென்று வெந்திருந்ததே என்பீர்கள். அதை வைத்து நஞ்சு போய்விட்டது என்று சொல்ல முடியாது.

இனி 5 மணி நேரமாவது ஊற வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் 30 நிமிடம் தளதளவென்று கொதிக்க விடுங்கள். பிரஷர் குக்கரிலும் வைக்கலாம்.

பொதுவாகச் சில மணி நேரத்தில் சரியாகிவிடும். குழந்தை சிறுநீர் போகாமல் சோர்ந்து கிடந்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ உடனே டாக்டரிடம் போங்கள். மீதிக் குழம்பைத் தயவுசெய்து கொட்டிவிடுங்கள்.