பழைய எரிவாயு ஆலை இருந்த நிலத்துக்குப் பக்கத்தில் வீடு வாங்கலாமா? மண்ணில் விஷம் இருக்கும் என்கிறார்களே?

நீங்கள் சிங்கப்பூரின் காலாங் ஆற்றோரத்தை, அதாவது கம்போங் பூகிஸ் பக்கத்தை மனத்தில் வைத்துத்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். வீட்டில் சின்னப் பிள்ளையும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கேள்வியில் இவ்வளவு பதற்றம் இருக்காது.

என் பதில்: வாங்கலாம். அங்கே குடியிருப்பதைவிட, அந்த மண்ணைத் தோண்டி அள்ளும் காலத்தைத்தான் கவனிக்க வேண்டும். "அரசாங்கம் சுத்தப்படுத்தித்தானே கட்டும், ஏன் பீதியைக் கிளப்புகிறீர்கள்" என்று யாராவது கீழே எழுதுவார்கள். சுத்தப்படுத்துவார்கள் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. சுத்தப்படுத்தும் வேலை எப்படி நடக்கிறது என்பதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அங்கிருந்த காலாங் எரிவாயு ஆலை 1862இல் தொடங்கி 1998இல் மூடப்பட்டது. 1958 வரை நிலக்கரியைக் காற்றுப் படாமல் சூடாக்கி வாயு எடுத்தார்கள். அப்படி எடுக்கும் எந்த ஆலையிலும் மிஞ்சுவது தார், அமோனியா கலந்த கழிவுநீர், வாயுவை வடிகட்டிய இரும்பு ஆக்சைடு. தாரில் பென்சீன், நாப்தலீன், பென்சோபைரீன் போன்ற நச்சு ரசாயனங்கள் உண்டு. இரும்பு ஆக்சைடு சயனைடைப் பிடித்துவைத்துக்கொண்டு நீலமாக மாறும். இவை மண்ணில் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. பென்சீன் ஆவியாகும், தண்ணீரில் கரையும், நுண்ணுயிர்களும் அதைத் தின்னும். தார் தண்ணீரைவிடக் கனம், ஆகவே கீழே இறங்கிக் களிமண் படுகையின் மேல் தேங்கும். ஈயமும் ஆர்செனிக்கும் இருந்தால் அவை அழிவதே இல்லை.

மண்ணில் இருப்பது உடம்புக்குள் வர ஒரு வழி வேண்டும். அமெரிக்காவில் லவ் கெனாலில் 1978இல் வெடித்த விவகாரத்தை இணையத்தில் படித்துவிட்டுப் பயப்படுகிறவர்கள் இதை யோசிப்பதில்லை. அங்கே ரசாயனக் குழிக்குப் பக்கத்திலேயே வீடுகள், வீட்டுக்கடியில் நிலவறைகள், அவற்றுக்குள் கசிவு. இங்கே நாம் கிணற்றுத் தண்ணீர் குடிப்பதில்லை. குழாய்நீர் பொதுப் பயனீட்டுக் கழகம் சுத்திகரித்துத் தருவது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளின் கீழ்த்தளம் பெரும்பாலும் காற்றோட்டமான திறந்தவெளி. மண்ணிலிருந்து ஆவி எழும்பினாலும் வீட்டுக்குள் ஏறும் முன் கலைந்துவிடும். தரையோடு ஒட்டிய தனியார் வீடு, சொந்த நிலவறை உள்ள வீடு என்றால் கதை வேறு. அப்படிப்பட்ட வீட்டை வாங்குவதானால், தரைக்கடியில் ஆவித்தடுப்புப் படலம் போட்டிருக்கிறார்களா, தளத்துக்குக் கீழே வாயு மாதிரி எடுத்துச் சோதித்தார்களா என்று எழுத்தில் கேளுங்கள். மண் மாதிரியை எந்த ஆழத்திலிருந்து எடுத்தார்கள் என்பதும் முக்கியம். மேல் அரை மீட்டரை மட்டும் சோதித்த அறிக்கை தாரைப் பற்றி எதுவும் சொல்லாது.

அடுத்து, தோட்டம். கீழே தோட்டம் போட ஆசையிருந்தால் நிலத்து மண்ணில் நேராக நடாதீர்கள். அடிப்பாகம் மூடிய தொட்டியில், வெளியிலிருந்து வாங்கிய மண் குறைந்தது 30 சென்டிமீட்டர் ஆழம் இருக்கட்டும். முள்ளங்கி, கேரட், தரையோடு வளரும் கீரை இவற்றில்தான் மண் அதிகம் ஒட்டும். கத்திரி, பயற்றங்காய், தக்காளி பரவாயில்லை. பிள்ளை ஆறு வயதுக்குக் கீழே என்றால் கையைக் கழுவாமல் வாயில் வைக்க விடாதீர்கள், செருப்பை வாசலுக்கு வெளியே விடுங்கள், துடைப்பத்தால் பெருக்குவதைவிட ஈரத்துணியால் துடைப்பது நல்லது.

இனி தூசி. இங்கிலாந்தில் கோர்பி என்ற ஊரில் 1980இல் இரும்பு உருக்கும் வேலை நின்றது. அந்த நிலத்தை நகரமன்றம் சுத்தப்படுத்தியது. கழிவு மண்ணை ஏற்றிய லாரிகள் ஊருக்குள் போக, சேறு சாலையில் விழுந்து காய்ந்து தூசியாகப் பறந்தது. அந்த ஆண்டுகளில் அங்கே கர்ப்பமாக இருந்த பெண்களின் பிள்ளைகள் சிலர் கை கால் குறைபாட்டோடு பிறந்தார்கள். 2009இல் உயர் நீதிமன்றம் நகரமன்றம் கவனக்குறைவாக நடந்தது என்று தீர்ப்பளித்தது. சுத்தப்படுத்தும் வேலையிலேயே கேடு வர முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

ஆகவே பக்கத்து நிலத்தில் வேலை நடக்கும்போது வாசலில் நின்று பாருங்கள். வெளியே வரும் லாரியின் சக்கரங்களைக் கழுவுகிறார்களா? மண்ணைத் தார்ப்பாயால் முழுக்க மூடியிருக்கிறார்களா? சாலையில் சேறு காய்ந்து கிடக்கிறதா? கிடந்தால் தேதி, நேரம், படத்தோடு தேசியச் சுற்றுப்புற வாரியத்துக்கு எழுதுங்கள். அந்துருண்டை வாசம் வந்தால் அது நாப்தலீன். மிகக் குறைந்த அளவிலேயே மூக்குக்குத் தெரிந்துவிடும் என்பதால் வாசம் வந்ததுமே ஆபத்து என்று அர்த்தமில்லை. பென்சீனோ வேறு மாதிரி. அதன் வாசம் தெரியும் அளவு வரும்போது பாதுகாப்பான எல்லையைத் தாண்டியிருக்கலாம். அதனால் மூக்கை நம்பாமல் கருவி அளவைக் கேளுங்கள்.

"எங்கள் புளோக்கில் மூன்று பேருக்குப் புற்றுநோய்" என்ற பேச்சும் வரும். சிங்கப்பூரில் அதிக உயிரைப் பறிக்கும் நோயே அதுதான். மூவருக்கும் வெவ்வேறு வகை என்றால் மண்மேல் பழி போடுவது கடினம். பரிசோதனை வேண்டுமானால் பலதுறை மருந்தகத்தில் மருத்துவரிடம் பிள்ளைக்கு ரத்தத்தில் ஈய அளவு பார்ப்பது பற்றிக் கேளுங்கள், அதற்கு அர்த்தம் உண்டு. ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால், ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடச் சொல்கிறது உலகச் சுகாதார நிறுவனம். பென்சீனின் தடயமோ ஓரிரு நாளில் சிறுநீரோடு போய்விடும். தலைமுடிச் சோதனை, "நச்சு நீக்கும்" பானம் இவற்றுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

கேட்டது இதுவல்ல, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்தக் கேள்வியை வீடு வாங்குகிறவர்கள் மட்டுமே கேட்கிறார்கள். குழிக்குள் இறங்குகிறவர் தஞ்சாவூரிலிருந்தோ புதுக்கோட்டையிலிருந்தோ வந்த தம்பி. காலையில் டூல்பாக்ஸ் மீட்டிங், அதாவது வேலைக்கு முந்தைய பாதுகாப்புக் கூட்டம், ஆங்கிலத்தில் ஐந்து நிமிடம் நடக்கும், தாளில் கையெழுத்து வாங்குவார்கள், முடிந்தது. மண்ணில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தமிழில் யார் சொன்னார்கள்? அவர் படிக்கக்கூடும் என்பதால் இங்கேயே எழுதுகிறேன். தம்பி, என்95 முகக்கவசம் தூசியைத் தடுக்கும், பென்சீன் ஆவியைத் தடுக்காது. ஆவிக்குக் கரிவடிகட்டி பொருத்திய கவசம் வேண்டும், முகத்தோடு ஒட்ட வேண்டும், தாடி இருந்தால் ஒட்டாது. மூடிய குழியில் இறங்கும் முன் பிராணவாயு 19.5க்கும் 23.5 விழுக்காட்டுக்கும் இடையே இருக்கிறதா, எரியும் வாயு, அது வெடிக்கத் தேவையான குறைந்தபட்ச அளவில் (LEL) 10 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கிறதா என்று கருவியில் காட்டச் சொல்லுங்கள். அழுகிய முட்டை வாசம் வந்து திடீரென்று நின்றுவிட்டால் வாயு போய்விட்டது என்று நினைக்காதீர்கள், மூக்கு மரத்துப்போயிருக்கும், உடனே மேலே ஏறுங்கள். வேலை உடையோடு விடுதிக்குப் போகாதீர்கள், சாப்பிடும் முன் கையும் முகமும் கழுவுங்கள். கருவி காட்ட மறுத்தால் மனிதவள அமைச்சின் ஸ்னாப்சேஃப் (SnapSAFE) சேவை வழியாகப் புகார் கொடுக்கலாம்.