இல்லாத தாத்தா

அன்புள்ள சார்,

நானும் தோழி ஒருத்தியும் கையால் தைத்து நோட்டுப் புத்தகம் செய்கிறோம். ஆன்லைனில் விற்க ஆரம்பித்து மூன்று வருடமாகிறது. நல்ல தாள்தான் போடுகிறோம், வாங்கியவர்கள் குறை சொல்வதில்லை, ஆனால் விற்பனை நகரவே மாட்டேன் என்கிறது. விளம்பர ஆலோசகர் ஒருவரிடம் போனோம். "பொருளை விற்காதீர்கள், கதையை விற்றுப் பாருங்கள்" என்றவர், கதையையும் அவரே எழுதிக் கொடுத்தார். என் தாத்தா புத்தக பைண்டராம், அவர் மடியில் உட்கார்ந்து நான் தையல் கற்றேனாம். என் தாத்தா கணக்கு வாத்தியார். எனக்குக் கற்றுத்தந்தது யூடியூப். கேட்டால், "கதை என்றாலே கற்பனைதானே, எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள்" என்கிறார். போன மாதம் ஒருவர் ஒரு வருடமாக எழுதிய நோட்டைத் தையல் விட்டுவிட்டதென்று அனுப்பியிருந்தார். அதைப் பிரித்துத் திரும்பத் தைத்துக்கொண்டிருந்தபோதுதான் உங்களுக்கு எழுதலாம் என்று தோன்றியது. ஒரு பிராண்டுக்குக் கதை வேண்டுமா, வேண்டாமா?

ஒரு வாசகி

அன்புள்ள தோழிக்கு,

கதை வேண்டும். அந்தத் தாத்தா வேண்டாம்.

கதை ஒரு பொருளின் மதிப்பைக் கூட்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2009-இல் ராப் வாக்கர், ஜோஷுவா க்ளென் என்ற இரண்டு அமெரிக்க எழுத்தாளர்கள், பழைய சாமான் விற்கும் இடங்களில் கிடைத்த அற்பப் பொருட்களை மொத்தம் 128.74 டாலருக்கு வாங்கி, ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்தாளரைக் கதை எழுதவைத்து ஈபேயில் ஏலம் விட்டார்கள். 3,612.51 டாலர் கிடைத்தது. உங்கள் ஆலோசகர் இதைக் கேட்டால் சந்தோஷப்படுவார். ஆனால் அந்தக் கதைகள் கற்பனை என்று ஏல அறிவிப்பிலேயே சொல்லியிருந்தார்கள். வாங்கியவர்கள் தெரிந்துதான் வாங்கினார்கள். உங்கள் தாத்தா விஷயத்தில் அந்த ஒரு வரியைப் போட முடியாது, போட்டால் கதையே நிற்காது.

நானும் இந்தத் தப்பைச் செய்திருக்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு நிறுவனத்துக்கு "எங்களைப் பற்றி" பக்கம் எழுதியபோது, பட்டறையில் நாற்பது வருடமாக வேலை பார்க்கும் பெரியவர் ஒருவரை நானாகவே உண்டாக்கினேன். அந்தப் பக்கத்தைப் படித்த ஒரு வாடிக்கையாளர் அவரைப் பார்க்க நேரிலேயே வந்துவிட்டார். வரவேற்பில் இருந்த பையன், பெரியவர் லீவில் இருக்கிறார் என்று சொல்லி அனுப்பினானாம். என் வரிக்காக அவன் பொய் சொல்ல வேண்டியிருந்தது. அதற்கப்புறம் இல்லாத ஆளை நான் எழுதியதில்லை.

உங்களிடம் உண்மைக் கதை இல்லையென்றா நினைக்கிறீர்கள்? பிரிட்டிஷ் கண்டுபிடிப்பாளர் ஜேம்ஸ் டைசன், தூசிப் பையில்லாத வாக்குவம் கிளீனருக்காக 5,127 மாதிரிகள் செய்தார். அவருடைய நிறுவனம் இன்றுவரை அந்த எண்ணைச் சொல்லிக்கொண்டேயிருக்கிறது. வெறுமனே ஐயாயிரம் என்றிருந்தால் நாம் கேட்டு மறந்திருப்போம், அந்த 127-தான் ஒரு மனிதர் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணியிருக்கிறார் என்று நம்பவைக்கிறது. யூடியூபைப் பார்த்துப் பார்த்து நிறுத்தி, நூல் அறுந்து, தாள் கிழிந்து, நீங்கள் எத்தனை நோட்டைக் கெடுத்தீர்கள்? அந்த எண்ணை எழுதுங்கள். கெட்டுப்போனவற்றில் ஒன்று வீட்டில் மிச்சமிருந்தால் படம் எடுத்துப் போடுங்கள்.

ஆனால் அதைவிடப் பெரிய கதை ஒன்றை உங்கள் கடிதத்திலேயே, போகிற போக்கில், ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். ஒருவர் ஒரு வருடம் எழுதிய நோட்டை உங்களை நம்பித் தபாலில் அனுப்பியிருக்கிறார். அதைப் படித்ததிலிருந்து எனக்கு வேறெதுவும் ஓடவில்லை. பக்கம் மாறிவிடக் கூடாது, அதனால் எழுத்தைப் பார்த்தாக வேண்டும், ஆனால் படித்துவிடவும் கூடாது. எப்படிச் சமாளித்தீர்கள்? பழைய நூலை எங்கே வெட்டினீர்கள்? ஊசி அதே ஓட்டைகளில் நுழைந்ததா, இல்லை, புதிதாகக் குத்த வேண்டியிருந்ததா? இதையெல்லாம் அப்படியே எழுதுங்கள். தையல் ஏன் விட்டது, இப்போது எதை மாற்றினீர்கள் என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். நோட்டு வாங்க நினைக்கிற ஒருவருக்கு உங்கள் தாத்தா யாரென்பது அவ்வளவு முக்கியமில்லை. தன் எழுத்து இவர்கள் கையில் பத்திரமாக இருக்குமா என்பதுதான் அவர் கேள்வி.

உழவுக் கருவிகள் செய்யும் ஜான் டீர் என்ற அமெரிக்க நிறுவனம் 1895-இல் உழவர்களுக்காக ஒரு பத்திரிகை தொடங்கியது, இன்னும் வருகிறது. கலப்பையைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்தால் யார் இத்தனை காலம் படித்திருப்பார்கள்? அதில் உழவர்கள் தங்களைப் பார்த்தார்கள். உங்கள் நோட்டில் யார் யாரோ என்னென்னவோ எழுதிக்கொண்டிருக்கிறார்கள், அவர்களிடம் கேளுங்கள், சொல்லச் சம்மதிப்பவர்களின் கதையைப் போடுங்கள். தினம் ஒன்று வேண்டாம், மாதம் ஒன்று போதும்.

திரும்பத் தைத்த அந்த நோட்டைப் பற்றி எழுதும் முன் அதை அனுப்பியவரிடம் அனுமதி வாங்கிவிடுங்கள். உள்பக்கங்களைப் படமெடுக்க வேண்டாம், முதுகுத் தையல் மட்டும் போதும். அப்புறம், நோட்டு திரும்பக் கிடைத்ததும் அவர் என்ன சொன்னார்? கடிதத்தில் அதை நீங்கள் சொல்லவேயில்லை.